கோட்டுக்கு வெளியே நிற்பவர்



இவ்வாரச் சிந்தனையை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். இந்தியக் கால்பந்து அணி கடைசியாக ஒலிம்பிக் களத்தில் ஆடியது எந்த ஆண்டு என்று உங்களுக்குத் தெரியுமா? 1960ஆம் ஆண்டு, ரோம் நகரில். அதற்குப் பின் ஒருமுறைகூட நம் ஆடவர் அணி அந்த வாசலைக் கடந்ததில்லை. அந்தக் கடைசி அணியில் சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழரும் இருந்தார். அவரது பெயரை இன்று எத்தனை பேர் அறிவோம்?

ரோமில் நம் அணி ஹங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்று ஊர் திரும்பியது. ஹங்கேரி அவ்வாண்டு வெண்கலப் பதக்கம் பெற்ற அணி என்பதை நினைத்துப் பார்த்தால், நம்மவர்கள் எவ்வளவு நெருங்கி நின்றார்கள் என்பது விளங்கும். ஆனால் நான் உங்களோடு பேச விரும்புவது சைமன் சுந்தரராஜ் காலணியைக் கழற்றிய பிறகு செய்த பணியைப் பற்றியது.

ஓர் ஆட்டக்காரரின் வாழ்வு குறுகியது. முப்பது வயதைத் தாண்டினால் முழங்கால் முறையிடத் தொடங்கும். நேற்று வரை தோளில் தூக்கிய கூட்டம் வேறொரு பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்யும். அப்போது பலர் பழைய படங்களை மாட்டிவைத்துக்கொண்டு வீட்டிலேயே அமர்ந்துவிடுகிறார்கள். சிலர் மட்டும் மறுபடியும் மைதானத்துக்கு வருகிறார்கள். இம்முறை கோட்டுக்கு வெளியே நிற்க வருகிறார்கள். சைமன் சுந்தரராஜ் அந்தச் சிலரில் ஒருவர்.

1973ஆம் ஆண்டு சந்தோஷ் கோப்பைப் போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. 1941 முதல் நடந்துவரும் அந்தக் கோப்பையைக் கேரளம் அதுவரை ஒருமுறையும் வென்றதில்லை. பிரீமியர் டயர்ஸ், ஃபாக்ட் போன்ற தொழிற்சாலைகளின் அணிகளில் ஒருவருக்கு ஒருவர் எதிரிகளாக ஆடிவந்தவர்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரே மாநிலத்தின் அணியாக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு சைமன் சுந்தரராஜிடம் வந்தது. மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியைக் கேரளம் 3-2 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித் தலைவர் மணி. (பொன்மலையில் வாழும் ரயில்வே குடும்பத்து வாசகர்கள் என்னைப் பொறுத்தருள்க!) கேரளம் அந்த வெற்றியை இன்றும் மறக்கவில்லை. மணியின் பெயர் அங்கே ஒரு தலைமுறைக்கே மந்திரச் சொல்லானது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். பயிற்சியாளரால் பந்தைத் தொட முடியாது. இருபது பேரில் பதினொருவரைத் தேர்ந்து, மற்றவர்களிடம் "இன்று நீ வெளியே உட்கார வேண்டும்" என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். சில நாட்களுக்குள் பல ஆட்டங்கள். களைத்த கால்களையும் சோர்ந்த மனங்களையும் கணித்து நடக்க வேண்டும். தோற்றால் முதற்பழி அவருக்கு. வென்றால் முதல் மாலை இன்னொருவருக்கு. அதிலும் இவர் பயிற்சி அளித்தது பிற மாநிலத்து அணிக்கு. ஒரு தமிழரின் உழைப்பில் அண்டை மாநிலம் தன் முதல் கோப்பையைத் தூக்கியது. நம் தமிழ்நாடோ 2012இல் இறுதி ஆட்டம் வரை சென்று, சர்வீசஸ் அணியிடம் 2-3 என்று தோற்றது. அந்தக் கோப்பை இன்னும் நம் கைக்கு வரவில்லை. அண்டை வீட்டு விளக்கை ஏற்றித் தந்தவரை நம் வீடும் நினைவில் வைத்திருக்க வேண்டாமா?

இத்தகைய மனிதர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தின் பிரையன் கிளஃப் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்தவர். 1962 டிசம்பரில் முழங்காலில் பட்ட காயம் அந்த வாழ்வை முடித்துவிட்டது. 1965இல், முப்பது வயதில், நான்காம் பிரிவில் தடுமாறிக்கொண்டிருந்த ஹார்ட்லிபூல்ஸ் என்னும் சிறிய கழகத்துக்கு மேலாளராகப் போனார். அங்கிருந்து படிப்படியாக ஏறியவர், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். உச்சத்தை உலகம் பாராட்டுகிறது. அந்த உச்சத்துக்கு வேர் பிடித்த இடம், யாரும் திரும்பிப் பாராத ஒரு கடைநிலைக் கழகம்.

ரோமுக்குச் சென்ற நம் அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமும் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று நம் அணி ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்றபோதும் பயிற்சியாளர் அவரே. அடுத்த ஆண்டே புற்றுநோயால் மறைந்தார். அவர் மறைந்த பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அந்தத் தங்கம் இந்தியாவுக்கு மீண்டும் கிட்டவில்லை. ஓர் ஆசிரியரின் அருமை, அவர் நின்ற இடம் வெறுமையான பிறகே தெரிகிறது.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இங்கே பர்னபாவின் நினைவு வரும். எல்லாரும் அஞ்சி ஒதுங்கிய சவுலைத் தர்சு பட்டணம் வரை தேடிப் போய், அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தவர் அவர். தொடக்கத்தில் பர்னபாவின் பெயர் முதலில் வருகிறது. சில அதிகாரங்களுக்குள் பவுலின் பெயர் முன்னே போய்விடுகிறது. அதற்காக அவர் வருந்தியதாக ஓர் எழுத்தும் இல்லை. தான் வளர்த்தவன் தன்னை மிஞ்சுவதைக் கண்டு மகிழ்கிறவனே ஆசான்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருச்சிராப்பள்ளிக்கு மைதானங்கள் குறைவில்லை. அண்ணா விளையாட்டு அரங்கம் இருக்கிறது. பொன்மலையில் ரயில்வே திடல் இருக்கிறது. நம் முன்னோர் பள்ளிகளையும் கல்லூரிகளையும் கட்டியபோது விசாலமான திடல்களையும் விட்டுச் சென்றார்கள். கோடையில் கொள்ளிடம் வறளும்போது ஸ்ரீரங்கத்துச் சிறுவர்கள் மணலையே மைதானமாக்கிக்கொள்கிறார்கள். பந்து இருக்கிறது, திடல் இருக்கிறது, கால்கள் இருக்கின்றன. கோட்டுக்கு வெளியே நின்று "இடது காலையும் பழக்கு, தலையை நிமிர்த்தி ஆடு" என்று சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். நாம் பயிற்றுநரை மதிக்கத் தவறுகிறோம். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு வகுப்பு. பி.டி. மாஸ்டரை வரிசை ஒழுங்குபடுத்துபவராகவும், விழாக்களில் நாற்காலி போடுபவராகவும் பார்க்கிறோம். பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற பிள்ளைக்கு மேடையில் சால்வை. அவளுக்கு ஓடக் கற்றுத் தந்தவருக்கு நன்றியுரையில் ஒரு வரிகூட இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதனால் பெரிய இழப்பில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாயின் மகனுக்கு, ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை ஒரு குடும்பத்தின் விடுதலை. அந்தக் கதவைத் திறக்கும் கை பயிற்றுநருடையது. அவர் இல்லாத திடலில் மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்கு வேறு ஆசான்கள் கிடைத்துவிடுகிறார்கள். அவர்கள் என்ன கற்றுத் தருவார்கள் என்பது நீங்கள் அறிந்ததே.

ஆகவே, வாசகரே, மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். பள்ளி நிர்வாகத்தில் பொறுப்பு வகிக்கிறவரானால், விளையாட்டு வகுப்பைப் பிற பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். பெற்றோரானால், உங்கள் பிள்ளையின் பயிற்றுநர் பெயரைக் கேட்டறிந்து, இந்த வாரமே அவரைச் சந்தித்து இரண்டு வார்த்தை பேசுங்கள். ஒரு காலத்தில் கல்லூரிக்கோ ரயில்வேக்கோ ஆடி, இப்போது ஓய்வில் இருக்கிறவரானால், உங்கள் அனுபவத்தைப் பெட்டிக்குள் பூட்டிவைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு மாலை போதும். அருகிலுள்ள திடலுக்குப் போய்க் கோட்டின் ஓரத்தில் நில்லுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு வாரம் நீங்கள் வராதிருந்தால், "ஐயா ஏன் வரவில்லை?" என்று அவர்களே தேடுவார்கள்.