மோட்டார் வண்டியின் நோயும் நோய்முதலும்

வெப்பமானி உடலிற் காய்ச்சல் உண்டென்று காட்டுமேயன்றி, அஃது எதனால் வந்ததென்று காட்டமாட்டாது. அளவைக் கண்ட மாத்திரத்தே மருந்தளிப்பானை மருத்துவன் என்று உலகம் கொள்வதில்லை. இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் ஒக்கும். ஓட்டுவோன் எதிரே மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகின்றது. ஸ்கேனர் என்னும் சிறு கருவியைப் பொருத்திப் பார்ப்பின் 'பி 0420' என்னும் குறி தோன்றுகின்றது. உடனே, 'கன்வர்ட்டர் போயிற்று, புதியது வாங்குக' என்பர் ஒருசாரார். 'அதனைக் கழற்றியெறிந்து வெறுங்குழாய் பூட்டுக' என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஆராயாது கூறும் தீர்ப்புக்கள் என்பதும், வீட்டு முற்றத்திலேயே செய்யத்தகும் சில சோதனைகளைச் செய்த பின்னரே பணப்பையை அவிழ்த்தல் வேண்டுமென்பதும் என் துணிபு.

மெக்கானிக்குகள் 'கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்' என்றும், அறிவியல் நூலார் 'வினையூக்கி மாற்றி' என்றும் வழங்கும் இவ்வுறுப்பு, எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே புகைக்குழாயில் அமைந்ததோர் உலோகக் கூடு. அதனுள்ளே தேன்கூடு போன்ற நுண்டுளைகளையுடைய பீங்கான் கட்டி ஒன்றுண்டு. அதன்மேற் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அருவிலை உலோகங்கள் மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் மூவகை நஞ்சினையும் கரியமில வாயுவும் நீராவியும் நைட்ரஜனுமாக மாற்றுதலே இதன் தொழில்.

பிரான்சு நாட்டிற் பிறந்த யூஜீன் ஹௌத்ரி என்பார் அமெரிக்காவில் இத்தகைய கருவிக்கு 1956-இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் அக்காலப் பெட்ரோலிற் கலந்த ஈயம் அப்பூச்சினைக் கெடுத்தமையின், 1975-ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்தே அஃது ஆண்டுப் பெருவழக்காயிற்று. நம் நாட்டில், 1995 ஏப்ரல் முதற்கொண்டு சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2000 பிப்ரவரியில் நாடெங்கணும் பெட்ரோலினின்று ஈயம் நீக்கப்பெற்றது.

இம்மாற்றியில் அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லை. நெடுநாள் உழைத்து முதுமையால் தளர்தலும் உண்டெனினும், காலத்துக்கு முன்னரே கெடுவது பெரும்பாலும் பிறவற்றின் குற்றத்தாலேயாம். ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதுறின், எரியாத பெட்ரோல் மாற்றியினுட் புகுந்து ஆண்டே எரிந்து, பீங்கானை உருக்கிவிடும். எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து எரியின், அதிலுள்ள பாஸ்பரஸ் உலோகப் பூச்சின்மேற் படிந்து அதன் ஆற்றலை அடக்கும். இக்குற்றங்களைக் களையாது புதிய மாற்றியைப் பூட்டுவோன், ஓட்டைக் குடத்தைத் திருத்தாது நீரை மாற்றி மாற்றி ஊற்றுவோனை ஒப்பான்.

இனிச் சோதனை முறைகளைக் காண்போம். முதலாவது, ஸ்கேனர் காட்டும் குறிகள் அனைத்தையும் எழுதிக்கொள்க. 'பி 0300' முதலிய குறிகள் உடன் தோன்றின், எஞ்சின் சரிவர எரியவில்லை என்பது பொருள். அதனையே முதலிற் சீர்செய்க. இரண்டாவது, புகைக்குழாயின் இணைப்புக்களிற் கரி படிந்துளதோ, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் முடுக்கினால் 'டிக் டிக்' என்னும் ஓசை எழுகின்றதோ என்று நோக்குக. அங்கே கசிவிருப்பின் வெளிக்காற்று உட்புகுந்து ஆக்சிஜன் சென்சரைப் பொய் சொல்விக்கும். மூன்றாவது, எஞ்சின் நன்கு சூடேறியபின் சென்சர்களின் மின்னழுத்தத்தை ஸ்கேனரிற் பார்க்க. பழைய வகை முன்சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாது ஊசலாடும். மாற்றி நலமுடையதாயின் பின்சென்சர் 0.6 அல்லது 0.7 வோல்ட்டளவில் ஏறக்குறைய அசையாது நிற்கும். பின்னதும் முன்னதைப்போல ஊசலாடின், மாற்றி தளர்ந்தது எனக் கருதலாம். நான்காவது, குளிர்ந்த மாற்றியை ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டுக. உள்ளே கலகலவென்னும் ஓசை எழின் பீங்கான் உடைந்தது. ஐந்தாவது, வண்டி வேகமேற மறுப்பின், முன்சென்சரைக் கழற்றி அத்துளையில் அழுத்தமானியைப் பூட்டுக. எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றுச் சுழலுங்கால், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டின் மிகுந்தால், குழாய்வழி அடைபட்டுளது.

இவற்றைச் செய்வோர் உயிரைப் பேணுதல் முதற்கடன். சூடான மாற்றியைத் தொடலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் நுழையலாகாது. உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்துதல் வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டலாகாது. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமுமின்றியே கொல்லும்.

பிளக்கும் காயிலும் கேஸ்கெட்டும் மாற்றியபின் குறியை அழித்துச் சில நாள் ஓட்டிப் பார்க்க. விளக்கு மீண்டும் எரியாதாயின், சிறு செலவிற் பெருஞ்செலவு தப்பியது. பீங்கான் உருகியோ உடைந்தோ போயிருப்பின், பெட்ரோல் தொட்டியில் ஊற்றும் எத்திராவகமும் அதனை மீட்கமாட்டாது, புதியதே வேண்டும். போல்ட்டால் இணைத்ததாயின் வீட்டிலேயே மாற்றலாம்; வெல்டிங் செய்ததாயின் அத்தொழில் வல்லாரிடம் விடுக.

'விலை மிகுதியாயிற்றே! ஒரு வண்டியாலா ஊர்க்காற்றுக் கெடும்?' என்று வினவி, வெறுங்குழாயை விரும்புவார் உளர். விலை மிகுதி என்பது மெய்யே. அதனாலன்றோ ஆராய்ந்து செலவிடுக என்கின்றோம்! வெறுங்குழாயோ நோயைத் தீர்ப்பதில்லை. பழுதுற்ற பிளக் பழுதுற்றபடியே கிடக்கும், பெட்ரோல் வீணாகும், பின்சென்சரை ஏமாற்றப் பின்னும் ஒரு சூழ்ச்சி தேடவேண்டும். தன் வண்டி ஒன்றுதானே என்று ஒவ்வொருவனும் எண்ணின், தெரு முழுவதும் அவ்வொன்றுகளால் நிறையும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்லும் அவன் மிச்சம் பிடித்த பணத்தின் விலையை, நாற்சந்தியில் நாள் முழுதும் நிற்கும் போலீஸ்காரரும், நடைபாதையிற் பழம் விற்கும் கிழவியும், பள்ளிப் பேருந்துக்குக் காத்துநிற்கும் சிறுவனும் தம் நுரையீரலாற் கொடுக்கின்றனர். அவருள் ஒருவரேனும் அதற்கு இசைந்தவரல்லர்.

ஆதலின், வண்டியுடைய அன்பர்காள்! விளக்கு எரியுங்கால் அஞ்சவும் வேண்டா. அதனை மறைக்கவும் வேண்டா. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி நோய்முதலைத் தேடுமின். பழுதுற்றதைத் திருத்துமின், திருத்தலாகாததை மாற்றுமின். பிறர் மூச்சினைக் காக்கும் உறுப்பைமட்டும் கழற்றி எறியற்க.