கட்டிலுக்கடியில் 430 பிரதிகள்

ஆண்டாப் ஹில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் மகள் வீட்டில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர் சென்ற மழைக்காலத்தில் என்னை வரச் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. காப்பி குடித்து முடித்ததும் கட்டிலுக்கடியில் குனிந்து, பழுப்புத் தாள் சுற்றிய கட்டு ஒன்றை இழுத்தார். அவருடைய நாவல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் ஷாப்புக்கு வந்து சேர்ந்த தகப்பனாரின் கதை. 500 பிரதிகள் அச்சிட்டிருக்கிறார்கள். பதிப்பகம் தன் பெயரைக் கொடுத்திருக்கிறது, பணத்தை இவர் கொடுத்திருக்கிறார். அதுவும் பணி ஓய்வில் வந்த பணம். 70 பிரதிகள் போயிருக்கின்றன, பெரும்பாலும் கல்யாண வீடுகளில் அன்பளிப்பாக.

"இதை நீங்க இங்கிலீஷ்ல கொண்டு வரணும் தம்பி" என்றார்.

மொழிபெயர்க்கிறவனைப் போல நிதானமாகப் படிக்கிறவன் வேறு யாரும் இருக்க முடியாது. வாசகன் தாண்டிப் போய்விடுகிற வாக்கியத்தில் அவன் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன சித்தப்பா ஏழாம் அத்தியாயத்தில் தாதர் ஸ்டேஷனில் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிறார். எழுத்தறிவில்லாத தகப்பனார் மேடைத் தமிழில் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். ஆனால் நடுவில் ஓரிடம். தோல் ஊறப் போடும் தொட்டியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற மனிதர், கைக்குழந்தையைத் தூக்குமுன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கையை முகர்ந்து பார்க்கிறார். பிறகு தூக்காமலே திண்ணையில் படுத்துவிடுகிறார். எட்டே பக்கம். அந்த எட்டுப் பக்கத்தை எழுதியவர் எழுத்தாளர்தான், சந்தேகமில்லை. அச்சுக்குப் போகுமுன் ஒருவராவது இதைப் படித்திருந்தால் மற்ற 200 பக்கங்களும் இப்படி வந்திருக்காது என்று தோன்றியது. பணம் வாங்கிக்கொண்ட இடத்தில் ஒற்றுப் பிழைகூடப் பார்க்கவில்லை.

சொந்தப் பணத்தில் புத்தகம் போடுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் தமிழ் அச்சுச் சரித்திரம் தெரியாதவர்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தபோது, புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். வாங்குகிறவர் யார் என்று அச்சாகும் முன்பே அவருக்குத் தெரியும். பாரதி 1920இல் தம் எழுத்துக்களை 40 நூல்களாகப் பிரித்து, நூலுக்கு 10,000 பிரதிகள் போடப்போவதாகச் சொல்லி, நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டு அறிக்கை அனுப்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரே போய்விட்டார்.

சி.சு. செல்லப்பா இன்னொரு வகை. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 2,000 பிரதிகளுக்கு மேல் போடுவதில்லை என்று அறிவித்தார். அந்த எண்ணிக்கையை அது எட்டவே இல்லை என்பது வேறு விஷயம். எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். சில பயணங்களில் வல்லிக்கண்ணனும் கூடப் போனார். இதைத் தியாகக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. தன் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டுகிறவரின் முகத்தை அவர் நேரில் பார்த்தார். எத்தனை எழுத்தாளர்களுக்கு இது கிடைக்கிறது? தமது 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாக 1997இல் அவரே வெளியிட்டார். அப்போது வயது 85ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு காலமானார். சாகித்ய அகாதெமி விருது 2001இல் வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், நாஞ்சில் நாடன் இந்த ஊரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டேதானே எழுதினார்? பம்பாய்த் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் படித்தார். சங்கத்தின் 'ஏடு' இதழில் உழைத்தார். முதல் கதை 'விரதம்' 1975இல் நா. பார்த்தசாரதியின் 'தீபம்' இதழில் வந்தது. முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' வந்தது 1977இல். நாவலுக்கு முன்னால் ஒரு பத்திரிகாசிரியரின் மேஜை இருந்தது. சிற்றிதழ்கள் எழுத்தாளனுக்குப் பணம் கொடுத்ததில்லை, ஆனால் கதையைத் திருப்பி அனுப்பின. இப்போது 50 பிரதி மட்டும்கூட அச்சிட்டுத் தருகிறார்கள். கிண்டிலில் ஏற்றினால் அச்சுக்கூலியே கிடையாது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பத்தான் ஆள் இல்லை.

அண்ணாச்சியிடம் சித்தப்பா விஷயத்தைச் சொன்னேன். மேடைப் பேச்சையும் சொன்னேன். வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க காட்டலையே அண்ணாச்சி."

மொழிபெயர்க்கிற பேச்சு அத்தோடு நின்றது. மூன்று மாதம் போனே இல்லை. கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். தகப்பனாரோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இன்னும் தாராவியில் இருக்கிறாராம், அவரைத் தேடிப் போயிருக்கிறார். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே ஞாயிறுதோறும் இவரே உட்கார்ந்து நாவலை வாசித்துக் காட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வந்து உட்காருவார்களாம். தொட்டி வருகிற இடத்தில் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தகப்பனார் பிரசங்கம் செய்கிற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தி, "உங்கப்பன் இவ்வளவு பேசுவானா? வாயே திறக்க மாட்டானே" என்றாராம்.

போன வாரம் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். பையில் கையெழுத்துப் பிரதி. தகப்பனார் இப்போது பேசுவதே இல்லை. சித்தப்பா மூன்றாம் அத்தியாயத்தோடு சரி. தொட்டி அத்தியாயம் எட்டுப் பக்கத்திலிருந்து இருபதாகியிருந்தது. அதில் சுண்ணாம்பு எவ்வளவு, எத்தனை நாள் ஊற வேண்டும் என்று பெரியவர் சொன்னதெல்லாம் இருந்தது.

"பென்சில் எடுத்துக்கிட்டுப் படிங்க தம்பி. பேனா வேண்டாம்" என்றார்.

கட்டிலடிக் கட்டுகளைப் பற்றிக் கேட்டேன். தரையில் ஈரம் ஏறுகிறது என்று மகள் பரணில் ஏற்றச் சொல்லிவிட்டாளாம். இரண்டு கட்டு ஏற்றியாயிற்று, மற்றவற்றைத் தூக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.