பதின்மூவர் ஓடிய பாதை

இலண்டன் மாநகரின் தென்மேற்கே புஷி பூங்கா என்றொரு பரந்த பூங்கா உண்டு. 2004ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் திகதி சனிக்கிழமை காலையில் அங்கே பதின்மூன்று பேர் ஐந்து கிலோமீற்றர் தூரம் ஓடினர். ஏற்பாடு செய்தவர் போல் சின்ரன் ஹியூவிற் என்பவர். காயமுற்றிருந்தமையால் அவரால் ஓட இயலவில்லை; ஓடும் நண்பர்களைக் காணாமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை. ஆதலின் கடிகாரமும் கையுமாக நின்று நேரங் குறித்தார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

‘பார்க்ரன்’ எனப் பெயர் பெற்ற அவ்வோட்டத் தொடர் 2024இல் இருபதாண்டு நிறைவு கண்டது. இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது வேரூன்றிவிட்டது. ஓடுவோரிடம் இன்றும் ஒரு சதமேனும் அறவிடுவதில்லை. இத்தனைக்கும் மேலாக எம் உள்ளத்தைக் கவர்ந்தது அங்குள்ள ஒரு சிறு வழக்கம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே தொண்டர் ஒருவர் இருக்கிறார். எத்துணை மெதுவாக ஒருவர் நடந்து வந்தாலும், அவருக்குப் பின்னே இவர் வருவார். ஆகவே கடைசி என்ற பெயர் எவருக்கும் இல்லை! விளையாட்டுப் போட்டியன்று கடைசியாக வருபவனைக் கண்டு நகைக்கும் நம் பாடசாலை மைதானங்கள் எம் நினைவுக்கு வந்தன.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. லயத்திலிருந்து பாடசாலை மணி அடிப்பதற்குள் வந்து சேரவேண்டுமாயின், தேயிலைச் செடிகளுக்கிடையே ஏறியும் இறங்கியும் ஓடித்தான் ஆகவேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையிற் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. அந்தக் காற்றிலேயே வளர்ந்த கால்கள் இவை. எம் மாணவன் ஒருவன் பாடசாலையில் முதலாவதாக வந்தும் அடுத்த போட்டிக்குச் செல்லவில்லை. காரணம் கேட்டோம். “அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் விழாது சேர், பஸ் காசுக்கும் வழியில்லை” என்றான். இலவசம் என்ற சொல்லின் பெறுமதியை நாம் அன்று அறிந்தோம்.

நீந்துவது வேறு கதை. பாக்கு நீரிணையை 1954இல் நவரத்தினசாமியும், 1971இல் போய்த் திரும்பி ஆழிக்குமரன் ஆனந்தனும் நீந்திக் கடந்தனர். இருவரும் வடபுலத்துக் கடலோர மக்கள். எம் பிள்ளைகளுக்கோ நீர் என்றால் காசல்றீயும் மவுசாக்கலையும். பழைய மஸ்கெலியா நகரையே விழுங்கிக் கிடக்கும் மவுசாக்கலை நீர் வற்றும்போது அந்நாளைய கோயில் வெளியே தெரியும். அதைப் பார்க்கப் பிள்ளைகள் சேற்றில் இறங்குவர். கரை சறுக்கும், ஆழம் தெரியாது, நீரும் குளிர். 2021இல் மட்டும் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தோர் மூன்று இலட்சம் பேர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் சபையும் ஜூலை 25ஐ இதற்கான விழிப்பு நாளாக்கிற்று.

நீந்தி முடித்து உடனே ஓடும் போட்டிகள் மேல்நாடுகளிற் பல உண்டு. அவற்றை இங்கே நடத்தலாமே என்று இளைஞர் சிலர் எம்மிடம் கேட்டனர். நீர்த்தேக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்பது எம் கருத்து. முதலில் ஓட்டம் மட்டும் நடக்கட்டும். நீச்சலை, தக்க ஆசிரியரின் கண்காணிப்பில், இடுப்பளவு நீருள்ள தடாகத்திற் பழகட்டும். தடாகம் எங்கே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். சங்கத்தார்க்கும் தோட்ட நிருவாகத்தார்க்கும் நாம் விடுக்கும் விண்ணப்பமும் அதுவே.

ஓட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. தோட்டத் துரையின் அனுமதி, ஒரு கடிகாரம், பெயர் எழுத ஒரு கொப்பி. ஞாயிறு காலை பெற்றோரும் வரலாம்; தாய்மார் நடக்கலாம். கடிகாரம் எம்மிடம் இருக்கிறது. கடைசியாக நடந்து வரும் வேலையையும் நாமே ஏற்றுக்கொள்கிறோம். நாற்பதைக் கடந்த எம் முழங்கால்களுக்கு அதுவே பொருத்தம்.