ஜாதிச் சேவலைக் காட்டி சாதிக்கு நியாயம் தேடாதீர்கள்

“கோழிக்கே ஜாதி பார்த்துத்தான் சேர்க்கிறோம். மனுசனுக்குப் பார்த்தா மட்டும் தப்பா?”

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் சேவல் வளர்ப்பவர்கள் கூடுகிற இடங்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வேடிக்கையாகக் கேட்பவர்கள் உண்டு. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பவர்களும் உண்டு. நானும் கொல்லையில் கோழி வளர்ப்பவன்தான். எனவே கோழி வளர்ப்பின் கணக்கிலேயே இதற்குப் பதில் சொல்கிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு மொழியும் துணை நிற்கிறது. ‘ஜாதி நாய்’, ‘ஜாதிச் சேவல்’ என்றுதான் பேசுகிறோம். ‘அசில்’ என்பதே நல்ல வம்சத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்கும் ‘காஸ்ட்’ என்ற சொல்லின் வேர் போர்ச்சுக்கீசியரின் ‘காஸ்டா’. வம்சம், இனம் என்று அதற்குப் பொருள். கால்நடைகளுக்கும் அதைச் சொன்னார்கள். ஆனால் ஒரே சொல்லால் அழைப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடுமா?

கிளிமூக்கு விசிறிவால் சேவலையே எடுத்துக்கொள்வோம். மதுரை, திண்டுக்கல் பக்கம் இதற்கென்றே கண்காட்சிகள் நடக்கின்றன. நல்ல சேவல் லட்சக்கணக்கில் விலை பேசப்படுகிறது. நடுவர் எதைப் பார்க்கிறார்? அலகு கிளியின் அலகைப் போலக் குட்டையாக, தடித்து, வளைந்திருக்கிறதா? வால் நீண்டு விரிந்திருக்கிறதா? கழுத்து நீளம், கால் உறுதி, நிற்கிற நிமிர்வு எப்படி? விரல் கோணலா, நெஞ்செலும்பு வளைந்திருக்கிறதா? எதிரே நிற்கிற பறவையைத்தான் அவர் மதிப்பிடுகிறார். இதன் அப்பன் போன வருடம் முதல் பரிசு வாங்கினான் என்று சொன்னால் மதிப்பெண் கூடாது.

வித்துக்குச் சேவலைத் தேர்ந்தெடுக்கும்போது இது இன்னும் கறாராக நடக்கும். பரிசு வாங்கிய சேவலுக்கும் பேர்பெற்ற பெட்டைக்கும் 12 குஞ்சு பொரித்தால், அதில் ஒன்றோ இரண்டோதான் வித்துக்குத் தேறும். அலகு நேராகப் போனதும் வால் சிறுத்ததும் குழம்புக்குப் போகும். ஒரே அப்பன், ஒரே ஆத்தா, ஒரே ஈடு. ஆனாலும் பிறப்பு அதைக் காப்பாற்றாது.

சாதி இதற்கு நேர் எதிரானது. அங்கே பிறப்பு மட்டும்தான் தகுதி. அறிவும் உழைப்பும் ஒழுக்கமும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேலே பிறந்தவன் மேலேதான். எவ்வளவு திறமை இருந்தாலும் கீழே தள்ளப்பட்டவனைக் கூண்டுக்கு வெளியே விடமாட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் இந்தப் பித்தலாட்டத்தை உடைத்திருக்கிறார். இனத்தை மேம்படுத்தவே சாதி என்று வாதிட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் எளிமையானது: சாதி வெளியே மணம் செய்யாதே என்று தடுக்க மட்டுமே செய்கிறது, உள்ளுக்குள் யார் யாரை மணந்தால் நல்லது என்று அது தேர்ந்தெடுப்பதே இல்லை. அதாவது, கோழி வளர்ப்பவன் செய்கிற தேர்வைக்கூடச் சாதி செய்வதில்லை.

சரி, அந்த அலகும் வாலும் போல, சாதிக்கு உடம்பில் ஏதாவது அடையாளம் உண்டா? கண்காட்சிக்குச் சேவலைத் தூக்கி வந்தவர்களை, பெயரும் ஊரும் சொல்லாமல் வரிசையாக நிற்க வைத்தால் எந்த நடுவராவது சாதி பிரித்துச் சொல்வாரா? முடியாது. அதனால்தான் சாதிக்குக் கையில் கயிறு தேவைப்படுகிறது, நெற்றியில் பொட்டின் நிறம் தேவைப்படுகிறது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யவேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. பிறவியிலேயே வேறுபாடு இருக்கிறதென்றால், பள்ளிக்கூடப் பையன் கையில் எதற்குக் கயிறு?

அடுத்தது, தூய ரத்தம். எல்லாக் கோழிக்கும் மூதாதை செங்காட்டுக்கோழி என்றுதான் டார்வின் காலத்திலிருந்து சொல்லி வந்தார்கள். 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று, வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று காட்டியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் அதே காட்டுக்கோழிதான். ஆக, அசல் என்று நாம் தூக்கிப் பிடிக்கிற மஞ்சள் காலே கலப்பின் சாட்சி!

மனிதர் கதையும் அதுதான். 2013இல் வெளியான மரபணு ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள் என்றும், அதன் பிறகே அகமணம் இறுகியது என்றும் சொல்கிறது. முதலில் கலப்பு, பிறகுதான் பூட்டு. ‘ஆண்ட பரம்பரை’ போஸ்டர் ஒட்டுகிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

அந்தப் பூட்டு என்ன செய்யும் என்பதும் சேவல்காரர்களுக்குத் தெரியும். ஒரே ஈட்டுக் குஞ்சுகளையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு சாவு கூடும். உடனே ‘ரத்தம் மாத்தணும்’ என்று வேறு ஊர்ச் சேவலைத் தேடிப் போவார்கள். பல்லடம் பண்ணைகளை நிறைத்திருக்கும் பிராய்லர் கோழியே பல வழிகளைத் திட்டமிட்டுக் கலந்து உருவாக்கியதுதான். கோழிக்கு ரத்தம் மாற்றுகிறவர், மகளுக்கு மட்டும் சொந்தத்துக்குள்ளேயே தேடுகிறார்.

மகள் என்று சொல்லும்போதுதான் கோழிக்கும் சாதிக்கும் உண்மையிலேயே உள்ள ஒரு ஒற்றுமை தெரிகிறது. ஒருமுறை சேவலோடு சேர்ந்த பெட்டை, அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம் கருவுள்ள முட்டை இடும். அதனால் வித்துக் கலக்கக் கூடாது என்று நினைப்பவர் பெட்டையைத் தனியே அடைத்து வைப்பார். வம்சத்தைக் காக்க அடைபடுவது பெட்டைதான். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் இதைத்தான் விளக்கினார்: அகமணத்தைக் காப்பாற்றவே உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் வந்தன. இன்று அந்தக் கூண்டு செல்போனைப் பறிப்பதாகவும், கல்லூரியை நிறுத்துவதாகவும், அவசரக் கல்யாணமாகவும் இருக்கிறது. கூண்டைத் தாண்டியவர்களுக்கு அரிவாள்.

உசிலம்பட்டி பகுதியில் 2014இல் விமலாதேவி, 2015இல் கோகுல்ராஜ், 2016இல் உடுமலை சங்கர், 2025இல் நெல்லையில் கவின். கோகுல்ராஜ் வழக்கில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022இல் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புக்கும் பிறகுதான் கவின் கொல்லப்பட்டார்.

இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். கோழியின் இனம் கோழிக்காக உருவாக்கப்பட்டதல்ல. விசிறி வாலும் வளைந்த அலகும் வளர்ப்பவனின் ஆசைக்கும் விலைக்கும்தான். அப்படியென்றால் மனிதரை இனம் பிரித்துக் கூண்டில் அடைத்ததால் லாபம் யாருக்கு? கூலி இல்லாத உழைப்பும் கேள்வி கேட்காத ஆட்களும் யாருக்குத் தேவைப்பட்டனவோ அவர்களுக்கு. பார்ப்பனியம் அதற்குச் சாத்திரம் எழுதிக் கொடுத்தது. நடுவில் இருக்கும் சாதிகள் கூண்டுக்குக் காவல் நிற்கின்றன, தாங்களும் உள்ளேதான் இருக்கிறோம் என்பது தெரியாமலே.

சாதி கடந்து மணப்பவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்று உச்சநீதிமன்றம் 2018இல் சக்தி வாஹினி வழக்கில் வழிகாட்டியது. 2025 அக்டோபரில், ஆணவக் கொலையைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை தர நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆணையம் சட்டமாகவேண்டும். அந்தச் சட்டம் அரிவாள் தூக்கியவனோடு நின்றுவிடாமல் தூண்டிவிட்ட சொந்தங்களையும் சாதிச் சங்கங்களையும் பிடிக்கவேண்டும். காவல் நிலையத்தில் தஞ்சம் கேட்டு வரும் பெண்ணைப் ‘பேசி’ப் பெற்றோரிடமே ஒப்படைக்கும் கட்டப்பஞ்சாயத்தைக் குற்றமாக்கவேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. நம் தெருவில் யாராவது இரண்டு பிள்ளைகள் கூண்டை விட்டு வெளியேறினால், அன்று இரவு அவர்களுக்குக் கதவைத் திறப்போம்.