பிளந்தது யார்?

போன மாத வாசிப்பு வட்டத்தில் உள் ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தது. "இதெல்லாம் நம்மைப் பிளக்கிற வேலை" என்றார் ஒரு தோழர். இயற்பியல் படிக்கும் அருந்ததியர் மாணவி ஒருத்தி உடனே கேட்டாள்: "இப்ப வந்து பிளக்குறதுக்கு, எது தோழர் ஒண்ணா இருந்துச்சு?" அவரிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் என்னிடமும் இல்லை.

பிளவு என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது. வீட்டில் அது சாதாரணச் சொல். விறகைப் பிளக்கிறோம். பாட்டி வெற்றிலையோடு ஒரு பிளவு பாக்கு போடுகிறார். சர்க்கரை நோயாளியின் முதுகில் வரும் கட்டிக்கு ராஜபிளவை என்று பெயர். இதிலெல்லாம் யாரும் யார் மீதும் பழி போடுவதில்லை.

அணு அறிவியலுக்கு இந்தச் சொல் போன கதை சுவையானது. 1938 இறுதியில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் மீது நியூட்ரான்களை மோதவிட்டுப் பார்த்தால், பேரியம் கிடைக்கிறது. எப்படி என்று அவர்களுக்கு விளங்கவில்லை. விளக்கியவர்கள் லிசே மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும். யூதக் குடும்பத்தில் பிறந்ததால் மைட்னர் சில மாதங்களுக்கு முன்புதான் ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடன் போயிருந்தார். ஒரு செல் இரண்டாவதை என்னவென்று சொல்வீர்கள் என்று ஓர் உயிரியலாளரிடம் கேட்டு, அந்தச் சொல்லையே அணுக்கருவுக்கும் வைத்தார் ஃபிரிஷ். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. அது தனிக்கதை.

அமீபா பிளந்தால் இரண்டு முழு அமீபா. யுரேனியம் பிளந்தால் இரண்டு துண்டும் பெரும் ஆற்றலும்; அது மின்சாரமாகலாம், ஹிரோஷிமாவும் ஆகலாம். ஆனால் "பிளவு ஏற்பட்டது" என்று மட்டும் எழுதினால் எந்த இயற்பியல் ஆசிரியரும் மதிப்பெண் போடமாட்டார். எது மோதியது, எது பிளந்தது, என்ன வெளியே வந்தது என்று எழுதியாக வேண்டும்.

நம் செய்திகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. காலனிக்குள் புகுந்து அடித்தாலும் "இரு பிரிவினர் மோதல்"தான். மோதியது யார் என்பது தலைப்பிலேயே காணாமல் போய்விடும்.

தலித் என்ற சொல்லே பிளவிலிருந்து வந்ததுதான். 'தல்' என்ற சமஸ்கிருத வேருக்குப் பிளத்தல், உடைத்தல் என்று பொருள். உடைத்த பருப்பை வடக்கே 'தால்' என்பதும் இந்த வழியில்தான். தலித் என்றால் பிளக்கப்பட்டவர். அந்தப் 'பட்ட'வில் இருக்கிறது அரசியல். பிளக்கப்பட்டவர் ஒருவர் இருந்தால், பிளந்தவர் ஒருவரும் இருந்தாக வேண்டும். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோழர்கள் இந்தப் பெயரைக் கையில் எடுத்தபோது, அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

ஊர் வேறு, காலனி வேறு என்று சுடுகாடு வரைக்கும் பிரித்து வைத்தவர்களை யாரும் பிளவுவாதி என்பதில்லை. அதை வெளியே சொல்கிறவருக்குத்தான் அந்தப் பட்டம். 1932இல் தனித்தொகுதி கேட்ட அம்பேத்கருக்கும் இதுதான் நடந்தது. இந்து சமூகம் பிளவுபடும் என்று எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார் காந்தி. தனி வாக்காளர் தொகுதி போய், கூட்டுத் தொகுதியில் 148 இடங்கள் என்று பூனா ஒப்பந்தம் வந்தது. இதை நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம்.

அதனால்தான் அந்த மாணவியின் கேள்வி உறுத்துகிறது. 2009இல் தமிழ்நாடு 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் ஒதுக்கியது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளில் 6 பேர் சொன்னார்கள். அந்தத் தீர்ப்போடு சண்டை போட இடமிருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் கிரீமி லேயர் வேண்டும் என்று சில நீதிபதிகள் எழுதியதை நான் ஏற்கவில்லை. காலிப் பணியிடங்களை ஏன் நிரப்பவில்லை என்றும் அரசிடம் கேட்க வேண்டும். ஆனால் மலக்குழிக்குள் இறக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் கேட்கும்போது, அன்று நம்மீது வீசப்பட்ட அதே சொல்லை எடுத்து அவர்கள் மீது வீசுகிறோமே, அது எப்படி?

தமிழில் 'பகு' என்ற வேரிலிருந்துதான் பகுதியும் பகிர்வும் பங்கும் வருகின்றன. அவள் கேட்டது பங்கு. தோழரின் காதில் அது பிளவு என்று விழுந்தது. ஒரு நொடி என் காதிலும் அப்படித்தான் விழுந்தது. நான் அருந்ததியர் இல்லை.

அடுத்த வட்டத்துக்கு அந்தத் தீர்ப்பையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதலில் பேசப்போவது அவள். அந்தத் தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.