ஹேண்ட் பிரேக் கேபிளும் கைக்கெட்டாத கையேடும்

மேட்டுச் சாலையில் நிறுத்திய கார், ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக மேலே இழுத்த பின்னும் மெல்லப் பின்னோக்கி நகர்கிறது. பழைய கார் வைத்திருப்போர் பலரும் அறிந்த அனுபவம் இது. அப்போது பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. கியரைப் போட்டு, சக்கரத்துக்கடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு அடுத்த சர்வீஸ் வரை காத்திருப்பது. அல்லது வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு மாலையில் ரசீதுடன் திரும்பப் பெறுவது. என்ன பழுது, எதனால் வந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்ற மூன்று கேள்விகளும் அந்த ரசீதில் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகின்றன.

தேய்ந்துபோன ஹேண்ட் பிரேக் கேபிளை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டால், "பிரேக் விஷயத்தில் விளையாடக் கூடாது" என்ற பதில் உடனே வரும். பொறுப்புணர்வுடன் ஒலிக்கும் பதில்தான் அது. ஆனால் அது மறைத்துவிடும் ஒரு கேள்வி உண்டு. இந்த வேலையில் ஆபத்து எங்கிருந்து வருகிறது? செய்பவரின் கைத்திறன் குறைவிலிருந்தா, அவருக்குத் தரப்படாத தகவலிலிருந்தா? வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் விடை இரண்டாவது பக்கமே சாய்கிறது.

பின்சக்கரங்களில் டிரம் பிரேக் கொண்ட சாதாரணச் சிறு காரை எடுத்துக்கொள்வோம். லிவரை இழுக்கும்போது அதன் அடியிலுள்ள பற்சட்டமும் கொக்கியும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. இழுவிசை ஒரு சமன்செய் தகட்டின் வழியே இரண்டு கேபிள்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டு, இரு பின்சக்கரங்களையும் அடைகிறது. டிரம்முக்குள் கேபிளின் முனை ஒரு சிறு நெம்புகோலை இழுக்க, அது இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகிறது. காலால் மிதிக்கும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. இதுவோ கம்பியின் இழுப்பால் இயங்குவது. எண்ணெய் கசிந்து ஒன்று கைவிட்டாலும் மற்றது வண்டியை நிறுத்த வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96ஆம் விதி, நிறுத்து பிரேக், காலால் இயக்கும் பிரேக் என ஒன்றையொன்று சாராத இரண்டு அமைப்புகளைக் கோருவதும் இதனாலேயே.

உறைக்குள் ஓடும் எஃகு முறுக்குக் கம்பி என்ற இந்த உத்தி புதியதன்று. எர்னஸ்ட் போடன் 1896இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டியின் பிரேக்கிலும் ஸ்கூட்டரின் கிளட்ச்சிலும் இருப்பது இதே கேபிள்தான். இது கெட்டுப்போகும் வழிகளும் சிலவே. வெளியுறை கிழிந்த இடத்தில் மழைநீர் புகுந்து உள்கம்பி துருவேறி இறுகும். அப்போது லிவரை இறக்கிய பின்னும் பிரேக் முழுமையாக விடாது. சக்கரம் உரசிச் சூடாகும். அல்லது கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். அல்லது நாள்பட்ட இழுப்பில் கம்பி நீண்டு, லிவர் அளவுக்கு மீறி மேலே வரும். மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை, கைக்குப் புலப்படுபவை.

மாற்றும் முறையிலும் மர்மம் ஒன்றுமில்லை. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். முன்சக்கர இயக்க வண்டியானால் கியரிலும் போட்டுவைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைக் கழற்றப் போகும் வேளையில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேறெதுவும் இல்லை என்பதை ஒருகணமும் மறக்கலாகாது. தூக்குவதற்கு மட்டுமே ஜாக்கி. தூக்கிய பின் வண்டியின் எடை உறுதியான ஸ்டாண்டுகளின் மீதுதான் அமர வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைவது உயிரைப் பணயம் வைப்பது. பிறகு லிவரின் அருகிலுள்ள சரிசெய் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, நெம்புகோலிலிருந்து கேபிளின் முனையை விடுவித்து, பின்தகட்டில் கவ்வியிருக்கும் உறையின் சிறகுகளை அழுத்தி வெளியே எடுக்க வேண்டும். டிரம்முக்குள் படிந்திருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. புதிய கேபிளைப் பழையதன் அருகே வைத்து நீளத்தையும் முனைகளையும் ஒப்பிட்டு, பழையது சென்ற அதே பாதையில், அதே பிடிப்புகளில், புகைபோக்கிக் குழாயின் வெப்பம் படாதவாறு பொருத்த வேண்டும்.

இதுவரை பொறுமையும் ஒழுங்கும் போதும். தவறு நேரும் இடம் இதன் பின்னால் வருகிறது.

லிவர் மேலே வருவதற்குக் கேபிள் நீண்டது மட்டுமே காரணமன்று. ஷூவின் லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடினாலும் அது நிகழும். அந்த இடைவெளியை டிரம்முக்குள் இருக்கும் சரிசெய் அமைப்பில்தான் முதலில் திருத்த வேண்டும். கேபிளின் இறுக்கத்தைக் கடைசியாகவே தொட வேண்டும். வரிசையை மாற்றி, லிவரடியில் உள்ள நட்டை மட்டும் திருகி இறுக்கினால் லிவர் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஷூக்கள் தம் இருப்பிடத்துக்கு முழுமையாகத் திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். பல அமைப்புகளில் தானாகச் சரிசெய்யும் பொறியும் இதனால் செயலிழக்கும். சில வாரங்களில் பழுது பழைய இடத்துக்கே வரும், கூடுதல் தேய்மானத்துடன். இந்தத் தவறைச் செய்வோர் வீட்டில் வேலை பார்ப்போர் மட்டுமல்லர். அவசரத்தில் இயங்கும் பணிமனைகளுக்கும் நட்டைத் திருகிவிடும் குறுக்குவழி எளிதாகவே இருக்கிறது.

இந்த வரிசையும் இதற்கான அளவுகளும் எங்கே இருக்கின்றன? எவ்வளவு விசையில் இழுத்தால் லிவர் எத்தனை பற்களில் நிற்க வேண்டும், டிரம் எந்த விட்டம் வரை தேயலாம், சக்கர நட்டையும் மைய நட்டையும் எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்க வேண்டும், கழற்றிய மைய நட்டை மீண்டும் பயன்படுத்தலாமா கூடாதா என்பவை வண்டிக்கு வண்டி மாறுபவை. அனுபவத்தால் ஊகிக்கலாம், ஆனால் ஊகம் அளவாகிவிடாது. காருடன் வரும் உரிமையாளர் கையேடுகளில் சில, பற்களின் எண்ணிக்கையைத் தருகின்றன. அதற்கு மேற்பட்டவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட பணிமனையை நாடுமாறு சொல்லி அவை முடித்துக்கொள்கின்றன. முழு விவரமும் பணிமனைக் கையேட்டில் இருக்கிறது. வண்டியை விலைகொடுத்து வாங்கியவருக்கு அது கிடைப்பதில்லை.

இது வெறும் மனக்குறையன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று வழங்கிய ஆணையில் இதையே சட்டத்தின் மொழியில் பதிவுசெய்தது. உதிரிப் பாகங்கள், பழுதறி கருவிகள், தொழில்நுட்பக் கையேடுகள் ஆகியவற்றைத் தனிப் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்வது போட்டிக்கு எதிரானது என்று கண்டு, 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பணிமனையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனையும் கூடாது என்றது. அபராதம் மேல்முறையீடுகளுக்குள் சென்றது. எனினும் ஆணையம் கண்டறிந்த நிலைமை இன்றும் வண்டி வைத்திருப்போருக்கு அந்நியமானதன்று. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்கக் குழு அமைத்தது. அது கருத்தில்கொண்ட துறைகளுள் வாகனங்களும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. தனிச் சட்டத்தின் வலு மட்டும் அந்த உரிமைக்கு வாய்க்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வாகனங்களுக்கென்றே இத்தகைய சட்டத்தை 2012இல் இயற்றிவிட்டது.

இதற்கு எதிரான வாதம் பாதுகாப்பைப் பற்றியது. அதை எளிதில் ஒதுக்கக் கூடாது. ஐ.நா.வின் 13-எச் எண்ணுள்ள பிரேக் விதிமுறை, முழுச் சுமையேற்றிய காரை 20 விழுக்காட்டுச் சரிவில் நிறுத்து பிரேக் அசையாமல் பிடிக்க வேண்டும் என்கிறது. கையால் இழுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டவும் கூடாது. இந்த அளவுக்குத் தேற வேண்டிய அமைப்பை அரைகுறையாகப் பொருத்தினால், ஆளில்லாத கார் ஒன்று சரிவில் உருண்டு வழியிற்செல்வோர் மீது மோதக்கூடும். வேலை பார்த்தவர் மட்டும் ஏற்கும் ஆபத்தன்று இது. தெருவில் விளையாடும் குழந்தையும் அதில் பங்காளி.

ஆனால் இந்த வாதத்தின் முடிவு அதன் தொடக்கத்தோடு பொருந்தவில்லை. வேலை ஆபத்தானது என்றால் அதைச் செய்யும் முறை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இயல்பான முடிவு. மருந்துச் சீட்டில் அளவும் எச்சரிக்கையும் அச்சிடப்படுவது மருந்து ஆபத்தற்றது என்பதற்காகவா? கையேட்டைப் பூட்டிவைப்பதால் மக்கள் வேலையைக் கைவிடுவதில்லை. அளவு தெரியாமல் செய்கிறார்கள். காணொளிகளைப் பார்த்து, வேறொரு வண்டிக்குச் சொன்ன எண்ணைத் தம் வண்டிக்குப் பொருத்திக்கொள்கிறார்கள். தகவலை மறைப்பதால் ஆபத்து குறைவதில்லை. அதன் பொறுப்பு மட்டும் நிறுவனத்தின் தோளிலிருந்து இறங்கி, வேலை செய்தவரின் தலையில் ஏறுகிறது.

மேலும், இந்தப் பூட்டால் பெரிதும் இழப்பவர் விடுமுறை நாளில் ஸ்பேனர் பிடிக்கும் உரிமையாளர் அல்லர். தெருமுனைப் பட்டறையின் மெக்கானிக். சிறுவயதிலேயே பட்டறைக்கு வந்து, பார்த்தும் கடிந்துகொள்ளப்பட்டும் கற்றவர்கள் அவர்களுள் ஏராளம். கேபிளின் இறுக்கத்தை விரலால் உணர்ந்து சொல்லும் திறன் அவர்களுக்கு உண்டு; அந்த வண்டிக்குரிய எண் அவர்களிடம் இல்லை. ஒன்றைப் பற்றி அறிதல், ஒன்றைச் செய்ய அறிதல் என மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949இல் வெளியான தம் நூலில் வேறுபடுத்திக் காட்டிய இரண்டும் இங்கே இரு வேறு மனிதர்களிடம் பிரிந்து கிடக்கின்றன. செய்ய அறிந்தவரிடம் எண் இல்லை. எண்ணை வைத்திருக்கும் நிறுவனம் அதை விற்பனைப் பொருளின் பகுதியாகக் கருதுவதில்லை. பொறியியல் படித்த மாணவரோ பிரேக் ஷூவின் முறுக்குவிசைச் சமன்பாட்டைத் தேர்வில் எழுதிவிட்டு, தம் வீட்டுக் காரின் டிரம்மை ஒருமுறையும் திறந்து பாராமலே பட்டம் பெற்றுவிடுகிறார்.

இந்தப் பிரிவுக்கு இந்தியாவில் நெடிய வரலாறு உண்டு என்பதைக் கல்விப்புலத்தில் இருப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. கையில் கிரீஸ் படிவதைக் கீழான வேலையின் அடையாளமாகக் கருதும் மனப்பான்மை, தொழிலைச் சாதியோடு கட்டிப்போட்ட சமூகத்தின் எச்சம். 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு கைத்தொழிலைக் கல்வியின் மையத்தில் வைக்க முனைந்தது. பள்ளிகள் அதைப் பாடவேளையின் ஓரத்துக்குத் தள்ளின. நிறுவனங்கள் கையேட்டைப் பூட்டியபோது படித்தவர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு எழாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். திறக்க விரும்பாத கதவு பூட்டப்பட்டால் யாருக்கு உறைக்கும்?

கேட்பதற்கான காலமும் குறுகிவருகிறது. புதிய கார்கள் பலவற்றில் லிவர் மறைந்து, விசையைத் தட்டினால் மோட்டார் இயக்கும் மின்னணு நிறுத்து பிரேக் வந்துவிட்டது. அவ்வகை வண்டிகள் பலவற்றில் பின்பக்கப் பிரேக் பட்டைகளை மாற்றவே மென்பொருளின் வழியாக அமைப்பைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. கேபிளில் பூட்டு காகிதத்தில் இருந்தது. கண்ணும் கையும் அதை ஓரளவு தாண்டிச்செல்ல முடிந்தது. மென்பொருளில் பூட்டு வண்டிக்குள்ளேயே இருக்கிறது. கேபிள் காலத்தில் நிலைநாட்டப்படாத உரிமை மென்பொருள் காலத்தில் தானாக வந்து சேராது.

செய்ய வேண்டியவை மலைப்பூட்டுவன அல்ல. பாதுகாப்பைச் சார்ந்த பாகங்களின் பணிமனைக் கையேட்டுப் பக்கங்களையேனும், வண்டி விற்பனைக்கு வரும் நாளிலேயே கட்டணமின்றிப் பொதுவில் வைக்க வேண்டும் என்று விதிக்கலாம். அவை இந்திய மொழிகளிலும் இருக்க வேண்டும், ஐ.டி.ஐ. பாடநூல்களைப் பல மொழிகளில் வெளியிடும் நிமி நிறுவனம் சென்னையிலேயே இயங்கும்போது, தொழில்நுட்பத்தை மொழிபெயர்க்க முடியாது என்ற சாக்கு செல்லாது. கல்லூரிகள் ஆய்வகத்தின் வெட்டு மாதிரியோடு நிறுத்திக்கொள்ளாமல், ஓடும் வண்டியின் கேபிளை மாற்றச் சொல்லி மதிப்பெண் தரலாம். அந்த வகுப்பை நடத்த அருகிலுள்ள பட்டறையின் மெக்கானிக்கை ஆசிரியராக, உரிய மதிப்பூதியத்துடன் அழைக்கலாம்.

தன்மேல் நம்பிக்கை இல்லாதவர் கேபிளை மாற்ற முயலாமல் பட்டறைக்கே செல்லட்டும், அது அறிவுடைமை. ஆனால் அந்த முடிவை அவர் தெரிந்து எடுக்க வேண்டும். வேலை முடிந்து வண்டி திரும்பி வரும்போது, டிரம்மைத் திறந்து ஷூவைச் சரிசெய்தீர்களா, நட்டை மட்டும் திருகினீர்களா என்று கேட்கும் அளவுக்கேனும் உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு உண்மையாகப் பதில் சொல்லும் அளவுக்கு மெக்கானிக்கிடம் கையேடு இருக்க வேண்டும். சரிவில் நிற்கும் காரின் பாதுகாப்பு இந்த இரண்டையும் நம்பியிருக்கிறது.