பெயரைப் போடுங்கள்

2007இல் வெளிவந்த ‘தொட்டால் பூ மலரும்’ படத்தில் வடிவேலுவுக்கு எதிரே ஒரு பெரியவர் நிற்பார். “வரும்” என்பார். கேட்டவர் முகம் தெளிய ஒரு மூச்சு நேரம் விடுவார். பிறகு அதே குரலில், அதே சாவதானத்தில், “ஆனா வராது” என்பார். கையை ஆட்டவில்லை, முகத்தைக் கோணவில்லை. அந்த இடைவெளிதான் காட்சியே. மின்வெட்டானாலும் சரி, டவுன் பஸ்ஸானாலும் சரி, ஒரு நடிகரின் அரசியல் பிரவேசமானாலும் சரி, இன்று தமிழ்நாட்டில் யார் வாயைத் திறந்தாலும் அந்த வசனம்தான் வந்து விழுகிறது. சொன்னவர் என்னத்தே கன்னையா. நாடக மேடையிலிருந்து வந்தவர். 1967இல் வந்த ‘நான்’ படத்தில் இழுத்து இழுத்துப் பேசிய ‘என்னத்தே’ பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 2012இல் காலமானார்.

அந்தக் காட்சியை நகைச்சுவைச் சேனல்கள் சலிக்காமல் ஓட்டுகின்றன. திரையில் போடும் எழுத்து, ‘வடிவேலு காமெடி’. இணையத்தில் ஏற்றிவைத்த துண்டுகளுக்கும் அதே தலைப்பு. வடிவேலுவின் மேதைமை மீது யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அடிபட ஒருவர் வேண்டுமென்றால் அடிக்க ஒருவர் வேண்டும். அந்த இன்னொருவரின் முகத்தை வைத்து விளம்பரக் காசு பார்க்கிறவர்களுக்கு, அவர் பெயரை ஒரு வரி தட்டச்சு செய்யக் கை வரவில்லை. இது மறதி அல்ல, மெத்தனம்.

கன்னையாவுக்காவது பட்டப்பெயர் கைகொடுத்தது. பசி நாராயணன், ஒரு விரல் கிருஷ்ணாராவ், அல்வா வாசு என்று படத்தையோ காட்சியையோ இன்ஷியலாகப் போட்டுக்கொண்டு பிழைத்தவர்கள் ஒரு சிலர். மற்றவர்கள்? ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கண்ணாடியைக் கழற்றியபடி வந்து உதட்டைப் பிதுக்கும் டாக்டர், பஞ்சாயத்தில் நாட்டாமைக்கு இடப்பக்கம் உட்கார்ந்து “அதானே” என்பவர், கதாநாயகியின் அப்பாவுக்குத் தந்தி கொண்டுவரும் தபால்காரர். முகம் தெரியும், குரல் தெரியும். வடபழனி ஏஜென்ட் கூப்பிட்ட நேரத்துக்குப் போய், பேட்டா வாங்கி, முப்பது வருடம் நடித்தவர் எந்தெந்தப் படத்தில் நடித்தார் என்று கேட்டால் அவர் வீட்டாருக்கே தெரியாது. திரையில் அவர் ‘மற்றும் பலர்’.

நூறு பேர் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேரைப் போடுவது என்று தயாரிப்பாளர்கள் கேட்கலாம். கூட்டத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முகம் தெரிய நின்று வசனம் பேசியவரைப் பற்றித்தான் இப்போது பேச்சு. இடமில்லை என்கிற சாக்கு எடுபடாது. படம் தொடங்குமுன் ‘நன்றி’ என்ற அட்டையில் ஹோட்டல், நகைக்கடை, பைனான்சியர், மாவட்டச் செயலாளர் என்று ஊரே வந்து போகிறது. ஒரு மாடு திரையில் நடந்தால் விலங்குநல வாரியத்திடம் சான்று வாங்கியாக வேண்டும். எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று அறிவிப்பும் போடுகிறார்கள். நல்லது, போடட்டும். அந்த மாட்டை ஓட்டிவந்த மனிதருக்கு மட்டும் இடமில்லையா?

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் அல்ல. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், தன் நடிப்பு தன்னுடையது என்று அடையாளம் காட்டப்படும் உரிமையை நடிகருக்குத் தந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறவும் வழி செய்தது. அதே கையோடு ஒரு விலக்கையும் சொருகியது. திரைப்படத்தில் போகிற போக்கில் தோன்றி, தொழிலின் வழக்கப்படி டைட்டிலில்கூடப் பெயர் போடப்படாதவரைச் சட்டம் கலைஞராகவே கணக்கில் எடுக்காது. தன் நடிப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும். வழக்கத்தை உண்டாக்கியவர் யார்? பெயர் போடாத முதலாளிகள். ‘போகிற போக்கில்’ என்பதை முதலில் அளப்பவர் யார்? அவர்களேதான். பெயரை விட்டவருக்குத் தண்டனை இல்லை; விடப்பட்டவருக்கு உரிமையும் இல்லை. நாடாளுமன்றம் இந்த விலக்கை நீக்க வேண்டும். குறைந்தது, டைட்டிலில் பெயர் இருக்கிறதா என்ற அளவுகோலையாவது தூக்கி எறிய வேண்டும்.

ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் சின்ன வேடக்காரரின் பெயரும் பாத்திரத்தோடு அச்சாகியிருக்கும். தமிழ்ப் படங்களின் பட்டியலைப் படம் படமாக, வருடம் வருடமாகத் திரட்டிப் புத்தகமாக்கிய பிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதர். அவர் செய்ததில் கால்வாசியைக்கூட, கோடிகளில் புரளும் தொழில் தன் செலவில் செய்யவில்லை. இதற்கு வெட்கப்பட வேண்டும்.

தணிக்கைக்குப் படத்தைக் கொடுக்கும்போது கதைச்சுருக்கத்தோடும் பாடல் வரிகளோடும் முழுப் பெயர்ப்பட்டியலும் தர வேண்டும் என்று 1983ஆம் ஆண்டு விதிகளே சொல்லியிருந்தன. ‘மற்றும் பலர்’ என்று முடியும் பட்டியல் முழுப் பட்டியல் ஆகாது. அப்படி வரும் விண்ணப்பத்தை வாரியம் திருப்பி அனுப்பட்டும். இரண்டே வாரத்தில் எல்லாருக்கும் எல்லார் பெயரும் ஞாபகம் வந்துவிடும். பெயர் ஓடும்போதே விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடும் திரையரங்குகளும், அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி அடுத்த படத்தை முன்னே தள்ளும் ஓடிடி நிறுவனங்களும் அந்தப் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். சேனல்கள் காட்சித் துண்டின் கீழே நடித்த எல்லாரையும் எழுத வேண்டும்.

நடிகர் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. கட்டடத்துக்கும் தேர்தலுக்கும் காட்டிய சுறுசுறுப்பில் கொஞ்சத்தை இதற்கும் ஒதுக்குங்கள். மூத்த உறுப்பினர்களைப் பழைய படங்களின் முன் உட்காரவைத்து, திரையை நிறுத்தி நிறுத்தி, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். வேலையை இந்த மாதமே தொடங்கி, எழுதியதைப் பொதுவில் வையுங்கள்.